ரெய்டு 5 மறுகட்டமைப்பு 61 விழுக்காட்டில் நின்றுவிட்டது: இரண்டாவது வட்டும் வெளியேறிய நிலையில் தரவை மீட்பது எப்படி?

கேள்வி: மயிலை ஒலிக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாப்பூரில் பழைய ஒலிப்பதிவுகளை எண்மப்படுத்தும் வேலையைச் சிறிய அளவில் செய்து வருகிறேன். சபாக் கச்சேரிகள், வீட்டுக் கூடத்தில் நடந்த கச்சேரிகள், கதாகாலட்சேபங்கள், தாத்தாவின் குரலில் பாடம் என்று பரணில் கிடந்த ஸ்பூல் நாடாக்களையும் கேசட்டுகளையும் குடும்பத்தார் கொண்டுவந்து தருவார்கள். அவற்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வேவ் கோப்புகளாக மாற்றிச் சேமிக்கிறேன். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 2 ஜிபி வரும். இன்றைய கணக்கில் 7 டிபி, அதாவது சுமார் 3,300 மணி நேரப் பதிவுகள் ஒரே நாஸ் பெட்டியில், அதாவது வலையமைப்பில் இணையும் சேமிப்புப் பெட்டியில், இருக்கின்றன. பெட்டியில் 4 டிபி அளவுள்ள நான்கு வட்டுகள், பல வட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பு, எக்ஸ்ட் 4 கோப்பு முறைமை.

இரு வாரங்களுக்கு முன் மூன்றாம் வட்டின் விளக்கு சிவப்பாகியது. காதை அருகே வைத்துக் கேட்டபோது சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஒலி வந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கைவசம் இருந்த வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தால் பதினொரு நாட்கள் மீதி மூன்று வட்டுகளிலேயே ஓட்டினேன். பிறகு ரிச்சி தெருவில் அதே அளவுள்ள புதிய வட்டு ஒன்றை வாங்கி வந்து சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் செருகினேன். போன வட்டின் தரவைப் புதியதில் திரும்ப எழுதும் மறுகட்டமைப்பு தானாகத் தொடங்கியது. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது 61 விழுக்காட்டில் நின்றிருந்தது. இரண்டாம் வட்டின் விளக்கும் சிவப்பாக இருந்தது. 'சேமிப்பகம் செயலிழந்தது' என்ற அறிவிப்பின் கீழே 'புதிதாக உருவாக்கு' என்ற பொத்தான் மட்டும் தெரிந்தது. அதைத் தொடாமல் பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டேன்.

விசாரித்த ஒரு கடையில், அதே அமைப்புகளைக் கொடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினால் தரவு அப்படியே வந்துவிடும் என்றார்கள். தரவு மீட்பு நிறுவனம் ஒன்று சொன்ன தொகை, என் கூடத்தின் பல மாத வாடகைக்குச் சமம். நாடாக்களை மீண்டும் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். சில நாடாக்களில் ஆக்சைடு பூச்சு ஒரு முறை ஓடும்போதே உதிர்ந்துவிட்டது. மறுமுறை ஓட்ட அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு லினக்ஸ் கட்டளைகள் ஓரளவு தெரியும். நானே செய்யக்கூடியது எது, கை வைக்கக் கூடாதது எது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: தரமணி நிர்வாகி

ஐயா, இதுவரை நீங்கள் செய்தவற்றில் மிகச் சரியானது பெட்டியை அணைத்ததுதான். அது இன்னும் சில நாட்கள் அணைந்தே இருக்கட்டும். அந்தக் கடையில் சொன்ன யோசனையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இயங்குவது லினக்ஸின் எம்டி என்னும் மென்பொருள் ரெய்டு. அதில் 'உருவாக்கு' என்பது வட்டுகளின் தலைப்புப் பகுதியான சூப்பர்பிளாக்கைப் புதிதாக எழுதும் கட்டளை. வட்டுகளின் வரிசை, தரவை வட்டுகளுக்குப் பங்கிடும் துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் ஆகிய மூன்றும் பழைய அமைப்போடு அப்படியே பொருந்தினால்தான் தரவு தெரியும். முன்பு 64 கிலோபைட்டாக இருந்த இயல்பான துண்டளவு பின்னர் 512 கிலோபைட் ஆனது. தரவு தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும், உருவாக்கிய மறுநொடியே தொடங்கும் ஒத்திசைவு உங்கள் இசையின் மேல் புதிய பாரிட்டியை, அதாவது மீட்புக்கான சரிபார்ப்பு பிட்டுகளை, எழுதிக்கொண்டே போகும். அதன் பிறகு எந்த நிறுவனத்திடம் கொடுத்தும் பயனில்லை.

நடந்தது என்னவென்று பார்ப்போம். ரெய்டு 5 ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வட்டுகளில் தரவையும் நான்காவதில் பாரிட்டியையும் வைக்கிறது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று பிட்டுகள் இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் பாரிட்டி 0. எந்த ஒரு வட்டு போனாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதைக் கணக்கிட்டுவிடலாம். நான்கும் நலமாக இருக்கும்போது ஒரு செக்டரை, அதாவது வட்டின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதியை, படிக்க முடியாமல் போனால், எம்டி அதைப் பாரிட்டியிலிருந்து கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். உங்களுக்குத் தெரியக்கூட வராது. ஒரு வட்டு ஏற்கெனவே போன நிலையில் அந்தச் செக்டரைக் கணக்கிட வழியில்லை. ஆகவே அந்த வட்டையே பழுதானதாகக் கருதி எம்டி வெளியே தள்ளிவிடுகிறது. உங்கள் இரண்டாம் வட்டுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். அப்படியானால் 4 டிபியில் சில கிலோபைட்டுகளைத் தவிர மீதி அனைத்தும் படிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வட்டையும் கழற்றும் முன் அதன் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணையும் பெட்டியில் அது செருகப்பட்டிருந்த இடத்தின் எண்ணையும் காகிதத்தில் எழுதி வட்டிலேயே ஒட்டுங்கள். கணினியில் வட்டுக்குக் கிடைக்கும் பெயர் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறலாம்; வரிசை எண் மாறாது. நல்ல வட்டை நீக்கிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறை ஒரு துண்டுக் காகிதம் தடுத்துவிடும்.

பிறகு வட்டுகளைச் சாட்டா இணைப்புகள் உள்ள மேசைக் கணினியில் இணைத்து, லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து இயக்குங்கள். ரெய்டைத் தானாகச் சேர்க்க விடாதீர்கள். எம்டியைக் கையாளும் எம்டிஆடம் கருவியின் 'எக்ஸாமின்' கட்டளை படிக்க மட்டுமே செய்யும், எதையும் எழுதாது. அதைக் கொண்டு ஒவ்வொரு வட்டின் நிகழ்வு எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அணியில், அதாவது ரெய்டில் சேர்ந்த வட்டுகளின் தொகுப்பில், மாற்றம் நேரும்போதெல்லாம் உறுப்பு வட்டுகள் அனைத்திலும் இந்த எண் கூடும். வெளியேறிய வட்டில் அது அப்படியே நின்றுவிடும். எந்த வட்டு எப்போது விலகியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாட்சி வேறு இல்லை. கூடவே வட்டு தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198, 199 ஆகிய நான்கு வரிகளின் மூல மதிப்புகளையும் இங்கே இடுங்கள்.

மறுமொழி: வட்டுப் பட்டறை

தரமணி நண்பர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வன்பொருள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

டிக் டிக் என்று ஒலித்த மூன்றாம் வட்டுக்கு இனி ஒரு முறை கூட மின்சாரம் கொடுக்காதீர்கள். படிமுனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் அந்த ஒலி வரும்; முனை தட்டின் மேல் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். நாடாவில் ஆக்சைடு உதிர்வதைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைத் திறப்பது தூசியற்ற அறையில் செய்ய வேண்டிய வேலை. பதினொரு நாள் பழைய தரவு என்பதால் மீட்புக்கு அது இப்போது தேவையும் இல்லை. ஆனால் தூக்கி எறிய வேண்டாம். உறையில் போட்டுத் தேதியெழுதி வையுங்கள்.

இரண்டாம் வட்டிலும் அதே ஒலி வந்தால் அந்த நொடியே அணைத்துவிட்டு நிறுவனத்திடமே கொடுங்கள். செலவைப் பார்க்கும் இடம் அதுவல்ல. ஒலி இயல்பாக இருந்து படிப்பதில் மட்டும் தடுமாறுகிறது என்றால் நீங்களே படிமம், அதாவது வட்டின் முழு நகல், எடுக்கலாம்.

ஸ்மார்ட் வரிகளைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 5 என்பது ஏற்கெனவே மாற்றிடம் பெற்ற செக்டர்கள்; 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை; 199 உயர்ந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும், தட்டில் அல்ல. கடற்கரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கூடங்களிலிருந்து எங்கள் பட்டறைக்கு வரும் பெட்டிகளில் இணைப்பு முனைகள் பச்சை பூத்திருப்பது புதிதல்ல. ஆகவே முனைகளையும் ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. மேசைக் கணினிக்கென்று விற்கப்படும் வட்டுகள் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலக்கூடும். லினக்ஸ் கருவகமோ இயல்பாக 30 வினாடிகளே காத்திருந்து, பிறகு வட்டு பதில் சொல்லவில்லை என்று இணைப்பை மீட்டமைக்கும். நாஸுக்கென்று விற்கப்படும் வட்டுகள் பொதுவாக 7 வினாடிகளில் முயற்சியை விட்டுவிட்டுப் பிழையை அறிவிக்கும். உங்கள் பழைய வட்டுகள் எந்த வகை என்று தெரியவில்லை. படிமம் எடுக்கும் கணினியில் அந்தக் காத்திருப்பை 180 வினாடிகளாக உயர்த்திக்கொண்டால் பாதியில் வட்டு காணாமல் போவது குறையும்.

புதிதாக வாங்கிய வட்டின் மாதிரி எண்ணையும் பாருங்கள். தடங்களை ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வட்டுகள் நீண்ட மறுகட்டமைப்பில் மிக மெதுவாகிவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையுள்ள சில மாதிரிகள் அந்த வகை என்று வெளிப்படையாக அறிவித்த பின்புதான் பலர் மாதிரி எண்ணைப் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். கடையில் 'நாஸ் வட்டு' என்று மட்டும் கேட்டால் போதாது.

மயிலை ஒலிக்கூடம்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு முழுவதும் இதிலேயே இருந்தேன். நிகழ்வு எண்ணிக்கை ஒன்றாம், நான்காம் வட்டுகளிலும் புதிய வட்டிலும் 48,217. இரண்டாம் வட்டில் 48,209. பழைய மூன்றாம் வட்டுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. இரண்டாம் வட்டின் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் வரி 8, 197ஆம் வரி 24, 199ஆம் வரி 0. ஒன்றிலும் நான்கிலும் எல்லாமே 0. இரண்டாம் வட்டின் ஒலி சீராகவே இருக்கிறது. ஆனால் அறையின் வெப்பத்தில் அது 51 பாகையைத் தொட்டதால் நிறுத்திவிட்டேன்.

மறுமொழி: தரமணி நிர்வாகி

48,217க்கும் 48,209க்கும் இடையே எட்டே நிகழ்வுகள். இரண்டாம் வட்டு விலகிய பிறகு அணியே நின்றுவிட்டதால் அதற்குப் பின் உங்கள் கோப்புகள் எதுவும் எழுதப்படவில்லை. அந்த எட்டும் விலகலைப் பதிவு செய்த குறிப்புகளே. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால் 7 டிபியும் கிடைத்துவிடும். புதிய வட்டையும் பழைய மூன்றையும் இதில் சேர்க்கக் கூடாது. ஆனால் புதிய வட்டை அழித்துவிடாதீர்கள். அதன் முதல் 61 விழுக்காட்டில் முறையாகக் கணக்கிடப்பட்ட தரவு இருக்கிறது. ஒன்றிலோ நான்கிலோ அந்தப் பகுதியில் ஏதேனும் கெட்டிருப்பது தெரிந்தால் அது கை கொடுக்கும்.

மூன்று வட்டுகளுக்கும் படிமம் எடுப்பதே முறை. பணம் இடம் தராவிட்டால் இரண்டாம் வட்டுக்கு மட்டுமாவது எடுத்தே ஆக வேண்டும். அதற்கு 4 டிபி வட்டு ஒன்றும், கோப்புகளை இறக்கி வைக்க 8 டிபி வட்டு ஒன்றும் வாங்குங்கள். பழுதான வட்டிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியை வரைபடக் கோப்போடு இயக்குங்கள். எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை அந்தக் கோப்பு நினைவில் வைத்திருப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். 120 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நல்ல பகுதிகள் அனைத்தும் கைக்கு வந்த பிறகு விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலலாம். மேசை விசிறியை வட்டின் மேல் நேராக வீச வையுங்கள். நான் 45 பாகையைத் தாண்ட விடுவதில்லை.

படிமம் கிடைத்ததும் அசல் இரண்டாம் வட்டைக் கழற்றிவிட்டு, அதன் படிமம், ஒன்றாம் வட்டு, நான்காம் வட்டு ஆகிய மூன்றின் மேலும் ஒரு மேலடுக்கு போடுங்கள். எழுதப்படுவது எல்லாம் தனிக் கோப்பில் விழும், வட்டில் ஒரு பிட்டும் மாறாது. அந்த மேலடுக்குகளைக் கொண்டு 'அசெம்பிள்' கட்டளையை 'ஃபோர்ஸ்' என்ற சேர்க்கையோடு கொடுத்தால், பின்தங்கிய நிகழ்வு எண்ணை எம்டி சமப்படுத்திக்கொண்டு அணியைச் சேர்த்துவிடும். தவறினால் மேலடுக்கை அழித்துவிட்டு மறுபடி முயலலாம். கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் ஏற்றுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். படிக்க முடியாத ஒரு செக்டர் இரண்டு இடங்களைப் பாதிக்கலாம். அதே வரிசையில் மூன்றாம் வட்டின் தரவையும் அதைக் கொண்டுதானே கணக்கிட வேண்டும்? அந்த வரிசையில் பாரிட்டி எந்த வட்டில் இருந்தது என்பதைப் பொறுத்து ஒரு இடமோ இரண்டு இடமோ கெடும்.

மறுமொழி: ஆவணக் காப்பாளர்

பாதிக்கப்பட்ட கோப்புகளைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றை நான் சொல்லலாமா? கையெழுத்துப் படிகளை வருடும் வேலையில் இதே நிலையை நான் கடந்து வந்திருக்கிறேன். கோப்பின் உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்ணே செக்சம்; கோப்புகளுக்கு அதன் பட்டியல் வைத்திருந்தால் ஒப்பிட்டுவிடலாம். இல்லையென்றாலும் வழியுண்டு. படிமத்தில் விடுபட்ட இடங்களில் முதலில் சுழியங்களை நிரப்பி அணியைச் சேர்த்து, எல்லாக் கோப்புகளுக்கும் செக்சம் எடுங்கள். பிறகு டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் வசதியைக் கொண்டு அதே இடங்களில் வேறொரு எழுத்து வரிசையை நிரப்பி மீண்டும் எடுங்கள். இரண்டு பட்டியல்களிலும் வேறுபடும் கோப்புகளே பழுதானவை. மூன்றாம் வட்டின் கணக்கிட்ட பகுதியும் கூடவே மாறும் என்பதால் அந்தக் கோப்புகளும் தப்பாமல் சிக்கும்.

சேதத்தின் அளவை எண்ணிக் கலங்க வேண்டாம், ஐயா. உங்கள் தரத்தில் ஒரு வினாடிக்கு 5,76,000 பைட்டுகள். 4,096 பைட் கொண்ட ஒரு செக்டர் என்பது 7 மில்லிவினாடி. இரண்டாம் வட்டின் இடத்தில் அது மௌனமாகவும், தவறாகக் கணக்கிடப்பட்ட மூன்றாம் வட்டின் இடத்தில் இரைச்சலாகவும் கேட்கும்.

அணியை மீண்டும் அமைக்கும்போது மாதாந்திரச் சரிபார்ப்பு ஓட்டத்தை நிச்சயம் இயக்குங்கள். டெபியனில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இது தானாக நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பல நாஸ் பெட்டிகளில் நாமே தேடி இயக்க வேண்டும். அந்தக் கெட்ட செக்டர்கள் ஒரே இரவில் உருவாகியிருக்க வேண்டியதில்லை. யாரும் ஆண்டுக்கணக்கில் திறக்காத கோப்பின் அடியில் அவை கிடந்திருக்கலாம். நான்கு வட்டுகளும் நலமாக இருந்த நாளில் ஒரு முறை முழுவதையும் படித்திருந்தால் பாரிட்டி அவற்றைச் சரிசெய்திருக்கும். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்தபோதே, முதல் வட்டைச் சரிசெய்யும் முன் இரண்டாவது போய்விடும் வாய்ப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பேசிய சிறிய வட்டு 100 எம்பி. உங்களுடையது அதைப் போல 40,000 மடங்கு. பல வட்டுகளின் விவரத்தாளில் ஒரு கோடி கோடி பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழை என்பதே உற்பத்தியாளர் தரும் வரம்பு, அது 12.5 டிபி. மூன்று 4 டிபி வட்டுகளை ஓரம் முதல் ஓரம் வரை படிக்கும் மறுகட்டமைப்பு அந்த வரம்பின் அருகிலேயே போய் நிற்கிறது. நடைமுறையில் வட்டுகள் இதைவிட நன்றாகவே இயங்குகின்றன. ஆனாலும் புதிய அமைப்பில் இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6 வைத்துக்கொள்வதே நல்லது. நான்கு வட்டில் 8 டிபி கிடைக்கும். உங்கள் 7 டிபி அதில் அடங்கும். வளர இடம் போதாது என்றால் பெரிய வட்டுகளாக வாங்குங்கள். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பெட்டியும் அதன் பக்கத்திலேயே இருந்த நகலும் ஒன்றாக நனைந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மயிலை ஒலிக்கூடம்

ஒன்பது நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். படிமத்தின் முதல் ஓட்டம் பதினொரு மணி நேரம் எடுத்தது. இடையில் ஒரு முறை மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து கணினி அணைந்தது. வரைபடக் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மூன்று மறுமுயற்சிகளுக்குப் பின் படிக்க முடியாமல் எஞ்சியவை 36,864 பைட்டுகள், அதாவது ஒன்பது செக்டர்கள். மேலடுக்கின் மேல் அணி முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. கோப்புறைகளின் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கியபோது என் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

இரண்டு முறை செக்சம் எடுத்து ஒப்பிட்டதில் ஆறு கோப்புகள் வேறுபட்டன. நான்கின் நாடாக்கள் இன்னும் அந்தந்தக் குடும்பங்களிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. மீண்டும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் நாடா இல்லை. ஒன்றில் 41ஆம் நிமிடத்தில், தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில், சுருதி ஒரு கணம் அறுந்து ஒட்டுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால்தான் தெரிகிறது. இன்னொன்றில் மிருதங்கத்தின் இரு சொற்களுக்கு நடுவே சுருக்கென்று ஓர் இரைச்சல். இரண்டையும் மென்பொருளால் ஒட்டுப் போடாமல், நிமிடமும் வினாடியும் குறித்து அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறேன். நகலை அடையாற்றில் என் தங்கை வீட்டு இரண்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தாயிற்று. ரெய்டு 6க்கு வட்டு வாங்க வியாழக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். மாதிரி எண்களை எழுதி எடுத்துப் போகிறேன்.